ஆரவாரத்தின் அறம்

நுழையும்முன்

விளையாட்டு விதிகள் களத்தில் ஆடுவோருக்கு மட்டுமே உரியவை என்று பலரும் எண்ணுகின்றனர். களத்தைச் சுற்றி அமர்ந்து ஆரவாரம் செய்வோருக்கும் நெறிகள் உண்டு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் அந்நெறிகளை எழுத்தில் வகுத்துள்ளன. அவற்றைக் குறித்துக் கடுமையாக விவாதித்தும் உள்ளன. உற்சாகத்தை அடக்காமல் இழிவை மட்டும் விலக்க இயலுமா? விதியால் செய்யக்கூடியது எது? பண்பு மட்டுமே செய்யக்கூடியது எது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

பார்வையாளரின் பங்கு

கபடியில் ஓர் அணிக்கு எழுவர், கூடைப்பந்தில் ஐவர், கால்பந்தில் பதினொருவர். ஆடுவோரின் எண்ணிக்கையை விதிநூல் வரையறுக்கிறது. பார்வையாளருக்கு அத்தகைய வரையறை இல்லை. அவர்கள் பந்தைத் தொடுவதில்லை; புள்ளிப் பட்டியலில் அவர்கள் பெயர் இடம்பெறுவதும் இல்லை. ஆயினும் ஆட்டத்தின் போக்கில் அவர்களுக்குப் பங்கில்லை என்று கூறிவிட முடியாது.

இவ்வுண்மையை உலகம் தெளிவாக உணர்ந்துகொள்ள ஒரு பெருந்தொற்று காரணமாயிற்று. கொரோனாப் பரவலால் நிறுத்தப்பட்டிருந்த ஜெர்மனியின் முதன்மைக் கால்பந்துத் தொடர், 2020ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் மீண்டும் தொடங்கியது. அரங்குகளின் இருக்கைகள் யாவும் வெறுமையாக இருந்தன. ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் அதே நிலை. ஆடுகளம், பந்து, விதி, வீரர் எதுவும் மாறவில்லை. பார்வையாளர் மட்டுமே இல்லை. அவ்வாட்டங்களை ஆராய்ந்தோர் இரண்டு மாற்றங்களைக் கண்டனர். சொந்த ஊரில் ஆடும் அணிக்கு வழக்கமாகக் கிடைத்துவந்த சாதகம் குறைந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த அணியினருக்கு நடுவர்கள் காட்டிய எச்சரிக்கை அட்டைகளும் குறைந்திருந்தன.

கூட்டத்தின் குரல், நன்கு பயிற்சி பெற்ற நடுவரின் தீர்ப்பையும் அவர் அறியாமலே சாய்க்கக்கூடியது என்பதை இது காட்டுகிறது. ஆற்றல் எங்குண்டோ அங்குப் பொறுப்பும் உண்டு. ஆடுவோரின் கையும் காலும் விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்றால், ஆட்டத்தின் போக்கை மாற்றவல்ல குரலும் ஏதேனும் ஒரு நெறிக்கு உட்பட வேண்டும் அல்லவா? பார்வையாளர் நெறிகள் இவ்வினாவிலிருந்தே பிறக்கின்றன.

பள்ளிக் களத்தின் தனித்தன்மை

அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளிக் காலமாகும். அந்நாட்டின் சிற்றூர்களில் பள்ளிகளுக்கிடையேயான ஆட்டங்கள் ஊரின் பொது நிகழ்வாகவே விளங்குகின்றன. இலையுதிர்காலத்தில் வெள்ளிக்கிழமை இரவுகளில் அமெரிக்கக் கால்பந்து. குளிர்காலத்தில் பள்ளியின் உள்ளரங்கில் கூடைப்பந்து. பெற்றோர், முன்னாள் மாணவர், கடைக்காரர் எனப் பலரும் திரள்வர். மாணவர்களுக்கென்று தனிப்பகுதி ஒதுக்கப்படும். ஒரே நிற உடை அணிந்து, நின்றபடியே முழக்கமிடும் அம்மாணவர் கூட்டமே அரங்கின் உயிர்நாடி.

ஒவ்வொரு மாநிலத்திலும் இவ்விளையாட்டுகளை நெறிப்படுத்தப் பள்ளிகள் இணைந்து அமைத்த சங்கம் உள்ளது. அச்சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு 1920இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் இண்டியானாபொலிஸ் நகரில் உள்ளது. கூட்டமைப்பு எடுக்கும் கணக்கின்படி, ஓராண்டில் பதிவாகும் பங்கேற்புகள் ஏறத்தாழ 80 இலட்சம். இரண்டு விளையாட்டுகளில் ஆடும் மாணவர் இருமுறை எண்ணப்படுவார் என்றாலும் இது மிகப் பெரிய எண்ணிக்கையே.

தொழில்முறை ஆட்டத்திற்கும் பள்ளி ஆட்டத்திற்கும் அடிப்படையான வேறுபாடுகள் உள்ளன. தொழில்முறை வீரர் வயது வந்தவர், ஊதியம் பெறுபவர், கூட்டத்தின் கூச்சலைத் தம் பணியின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டவர். பள்ளிக் களத்தில் நிற்பவரோ பதினைந்து, பதினாறு வயது மாணவர். அவரைத் தூற்றும் குரல் தொலைவிலிருந்து வருவதில்லை. உள்ளரங்கில் முதல் வரிசைக்கும் ஆடுகளக் கோட்டுக்கும் இடையே சில அடிகளே இருக்கும். தூற்றுபவர் முன்பின் அறியாதவராக இருப்பதும் அரிது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் படிக்கும் அவருக்கு ஆடுபவரின் பெயர் தெரியும், குடும்பம் தெரியும், தேர்வில் தோற்ற செய்தியும் தெரிந்திருக்கும். ஆகவே அங்கு எறியப்படும் சொல், ஆட்டம் முடிந்த பின்னும் மாணவரைப் பின்தொடர்ந்து வீடு வரை செல்கிறது.

இதனால்தான் பள்ளிச் சங்கங்கள் ஆடுகளத்தை வகுப்பறையின் நீட்சி என்று கருதுகின்றன. வகுப்பறையில் ஒரு மாணவர் தவறான விடை கூறும்போது பிறர் கூடி எள்ளி நகையாடுவதை எந்த ஆசிரியரும் ஏற்கமாட்டார். குறி தவறிய பந்துக்கும் அந்த மதிப்பு கிடைக்க வேண்டும் என்பதே அச்சங்கங்களின் வாதம்.

நெறிகள் கூறுவன

மாநிலத்துக்கு மாநிலம் நெறிகள் சிறிதளவு மாறுபடும். எனினும் பலவற்றுக்கும் பொதுவானவை சில உள்ளன.

முதலாவது, ஒலி பற்றியது. கைதட்டலும் வாய்முழக்கமும் வரவேற்கப்படுகின்றன. ஊதுகுழல், காற்று ஒலிப்பான், மணி போன்ற செயற்கை ஒலிக்கருவிகள் உள்ளரங்குகளில் பெரும்பாலும் தடை செய்யப்படுகின்றன. பார்வையாளர் ஊதும் விசிலை நடுவரின் விசில் என்று கருதி ஆடுவோர் நின்றுவிடக்கூடும் என்பது இதற்கு ஒரு காரணம்.

இரண்டாவது, இலக்கு பற்றியது. எதிரணியின் ஒருவரைத் தனியே சுட்டிப் பெயரையோ எண்ணையோ கூறி ஏளனம் செய்தல் கூடாது. உடலமைப்பு, நிறம், இனம், மொழி, குடும்பம், நோய் ஆகியவற்றைப் பழித்தல் எவ்விடத்தும் ஏற்கப்படுவதில்லை. பிற சமூகத்தின் பண்பாட்டை இழிவுபடுத்தும் வேடங்களுக்கும் இத்தடை பொருந்தும்.

மூன்றாவது, வரவேற்பு பற்றியது. வெளியூர் அணியை அறிமுகம் செய்யும்போது முதுகைக் காட்டித் திரும்பி நிற்பதும், செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வதும் அந்நாட்டு மாணவரிடையே பரவிய ஒரு வழக்கம். சொல்லின்றியே அவமதிக்கும் இச்செயலையும் பல நெறிமுறைகள் பெயர் சுட்டி விலக்குகின்றன. வந்திருக்கும் அணி எதிரியன்று, விருந்தினர் என்பது இதன் உட்பொருள்.

நான்காவது, பாதுகாப்பு பற்றியது. வெற்றிக் களிப்பில் கூட்டமாக ஆடுகளத்துக்குள் பாய்வது தடுக்கப்படுகிறது. மகிழ்ச்சியால் ஓடும் கூட்டமும் கீழே விழுந்தவரை மிதித்துவிடும். ஒருவர் காயமுற்று வீழ்ந்தால் இரு தரப்பினரும் அமைதி காத்தலும், அவர் எழும்போது கைதட்டுதலும் நல்வழக்கமாகப் போற்றப்படுகின்றன.

இந்நெறிகளை மீறினால் என்ன நேரும்? பார்வையாளரின் நடத்தைக்கு ஆட்டத்தை நடத்தும் பள்ளியே பொறுப்பு. மீறியவரை எச்சரிக்கவும், வெளியேற்றவும், அடுத்து வரும் ஆட்டங்களைக் காணவிடாமல் தடுக்கவும் பள்ளிக்கு அதிகாரம் உண்டு. கூடைப்பந்தில் இன்னொரு விதியும் உள்ளது. ஆட்டம் முறையாக நடைபெறாதவாறு ஓர் அணியின் ஆதரவாளர் இடையூறு செய்தால், நடுவர் அவ்வணியின் மீதே டெக்னிக்கல் ஃபவுல் விதிக்கலாம். எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ வாய்ப்புகளும் பந்தும் கிடைக்கும். களத்தில் ஐவர் வியர்வை சிந்தி ஈட்டிய வெற்றியை, இருக்கையில் இருந்த ஒருவர் தம் நாவால் இழக்கச் செய்துவிடலாம். ஆனால் இவ்வதிகாரத்தை மிகுந்த நிதானத்துடன் பயன்படுத்துமாறு விதிநூல் நடுவரை அறிவுறுத்துகிறது. யாரோ ஒருவர் செய்த பிழைக்கு ஆடுவோர் தண்டனை அடைவது எளிதில் நியாயமாகாது என்பதை அவ்விதியை எழுதியோரும் அறிந்திருந்தனர்.

தெரியுமா?

1998இல் பிரான்சில் நடைபெற்ற உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டி முதல், ஜப்பானிய ரசிகர்கள் ஆட்டம் முடிந்தபின் தாம் அமர்ந்திருந்த பகுதியைத் தூய்மை செய்துவருகின்றனர். 2018இல் ரஷ்யாவில் பெல்ஜியத்திடம் 2–3 என்ற கணக்கில் தோற்று வெளியேறிய அன்றும் அவர்கள் குப்பைகளைப் பைகளில் அள்ளிய பின்னரே சென்றனர். ஜப்பானியப் பள்ளிகளில் வகுப்பறையை மாணவரே நாள்தோறும் தூய்மை செய்யும் வழக்கம் உள்ளது. பள்ளியில் படிந்த பழக்கம் உலக அரங்கிலும் தொடர்கிறது.

நடுவரின் வெளியேற்றம்

கூட்டத்தின் சினத்துக்கு எதிரணியினரை விடவும் மிகுதியாக ஆளாகுபவர் நடுவரே. பள்ளி ஆட்டங்களில் நடுவராகப் பணியாற்றுவோர் பெரும்பாலும் வேறு தொழில் செய்பவர்கள். மாலையிலும் விடுமுறையிலும் சிறு தொகைக்காகவும் விளையாட்டின் மீதுள்ள பற்றுக்காகவும் விசில் ஏந்துபவர்கள். மின்னல் வேகத்தில் நிகழும் ஒரு மோதலை நொடிப்பொழுதில் கண்டு தீர்ப்பளிக்க வேண்டிய பணி அவர்களுடையது. எந்தத் தீர்ப்பும் அரங்கில் பாதிப் பேருக்குப் பிடிக்காது.

2018–19ஆம் ஆண்டுக்குப் பின் ஏறத்தாழ 50,000 பேர் உயர்நிலைப் பள்ளி நடுவர் பணியிலிருந்து விலகியதாகத் தேசியக் கூட்டமைப்பு 2021இல் அறிவித்தது. பெருந்தொற்றும் முதுமையும் அதற்குக் காரணங்களாக இருந்தன. ஆயினும் பார்வையாளரின், குறிப்பாகப் பெற்றோரின் வசைமொழியே புதியவர்கள் இப்பணியில் நிலைக்காமைக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று எனக் கூட்டமைப்பு தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது. நடுவர் கிடைக்காமையால் பல இடங்களில் வெள்ளிக்கிழமை நடைபெற வேண்டிய ஆட்டங்கள் வியாழனுக்கோ சனிக்கோ மாற்றப்பட்டன.

இங்கு ஒரு முரண் புலப்படுகிறது. தம் பிள்ளையின் ஆட்டத்தின் மீது கொண்ட ஆர்வத்தால் நடுவரை வசைபாடும் பெற்றோர், இறுதியில் அப்பிள்ளை ஆடுவதற்கு ஆட்டமே இல்லாத நிலையை உருவாக்குகின்றனர். விளையாட்டு நெறி என்பது நாகரிகம் கருதிய அறிவுரை மட்டுமன்று. விளையாட்டு நிலைத்திருப்பதற்கே அது இன்றியமையாதது.

விஸ்கான்சின் விவாதம்

நெறிகள் தேவை என்பதில் பெரும்பாலோர் உடன்படுவர். எல்லை எங்கே என்பதில்தான் சிக்கல் எழுகிறது. விஸ்கான்சின் மாநிலத்தில் நிகழ்ந்த விவாதம் அதற்குத் தக்க சான்று.

2015 டிசம்பரில் அம்மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் தன் உறுப்புப் பள்ளிகளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. கூடைப்பந்து ஆட்டங்களில் மாணவர்கள் எழுப்பும் சில முழக்கங்கள் நற்பண்புக்கு ஏற்றவையல்ல என்று அது நினைவூட்டியது. அவற்றுள் ஒன்று ‘ஏர்பால்’. எறிந்த பந்து வளையத்தையும் பலகையையும் தொடாமல் வீணாகும்போது, எறிந்தவரை நாணச் செய்ய எழுப்பப்படும் முழக்கம் இது. எதிரணி பின்தங்கியிருக்கும்போது புள்ளிப் பலகையைப் பார்க்கச் சொல்வது, எதிர்ப்பக்க மாணவர்களிடம் உங்கள் குரல் கேட்கவில்லை என்று கேலி செய்வது ஆகியனவும் அதில் இடம்பெற்றன.

2016 ஜனவரியில் இச்செய்தி நாடெங்கும் பரவியது. ஒரு பள்ளியின் கூடைப்பந்து வீராங்கனை சங்கத்தைக் கொச்சையான சொல்லால் சாடிச் சமூக ஊடகத்தில் பதிவிட்டார். அதற்காக அவர் ஐந்து ஆட்டங்களில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. விளையாட்டுத் தொலைக்காட்சியினர் சங்கத்தை எள்ளினர். இம்மின்னஞ்சல் புதிய தடையாணை அன்று. முன்பே இருந்த வழிகாட்டுதலின் நினைவூட்டலே. நடைமுறைப்படுத்துவது பள்ளிகளின் பொறுப்பு என்று சங்கம் விளக்கமளித்தது. அவ்விளக்கம் விவாதத்தின் சூட்டைத் தணிக்கவில்லை.

விமர்சித்தோரின் வாதத்தில் வலிமை இருந்தது. பந்து குறி தவறியது உண்மை. அதைச் சொல்வது வசையாகாது. சிறிதளவு கேலி இல்லாத ஆட்டத்தில் விறுவிறுப்பும் இல்லை. தவற்றுக்குப் பின் எழும் கூச்சலைத் தாங்கி அடுத்த பந்தை எறியக் கற்பதும் கல்வியே. சிறு கேலியையும் தடுத்தால், உண்மையான இழிசொல்லுக்கும் விளையாட்டான சீண்டலுக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடும். இவை அவர்கள் எடுத்துரைத்தவை.

சங்கத்தின் நோக்கத்திலும் நியாயம் இருந்தது. ஒருவர் ஒருமுறை சொல்லும் கேலி வேறு. முந்நூறு பேர் ஒரே குரலில் ஒரு மாணவியை நோக்கி, அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் எழுப்பும் முழக்கம் வேறு. முதலாவது சீண்டல்; இரண்டாவது துன்புறுத்தல். சொல் ஒன்றே ஆயினும், எத்தனை பேர், யாரை நோக்கி, எத்தனை முறை என்பவற்றைப் பொறுத்து அதன் தன்மை மாறுகிறது.

விவாதம் உணர்த்தும் பாடமும் இதுவே. தடை செய்யப்பட்ட சொற்களின் பட்டியல் ஒருபோதும் முழுமை பெறாது. ஒரு சொல்லைத் தடுத்தால் மாணவர் மற்றொன்றைப் படைப்பர். பட்டியலை விடப் பயனுடையவை, எவரும் தமக்குள் கேட்டுக்கொள்ளத்தக்க மூன்று வினாக்கள்: இக்குரல் ஆட்டத்தைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா? தம் அணியை உயர்த்துவதா, பிற அணியைத் தாழ்த்துவதா? எதிரே நிற்பவர் உடன்பிறந்தவராக இருந்தால் இதே சொல் வாயிலிருந்து வருமா?

உரிமையும் எல்லையும்

மாணவரின் குரலைப் பள்ளி எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தலாம் என்பது அமெரிக்காவில் சட்டச் சிக்கலும் ஆகும். 1965 டிசம்பரில் அயோவா மாநிலத்தின் டெ மாயின் நகர மாணவர் சிலர், வியட்நாம் போருக்கு வருந்திக் கறுப்புக் கைப்பட்டை அணிந்து பள்ளிக்குச் சென்றனர். பள்ளி அவர்களை இடைநீக்கம் செய்தது. 1969 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் மாணவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. பள்ளியின் வாயிலைக் கடந்ததும் மாணவரின் கருத்துரிமை அற்றுப்போவதில்லை என்பது ‘டிங்கர் வழக்கு’ எனப்படும் அவ்வழக்கின் சாரம். பள்ளியின் செயற்பாட்டுக்குப் பெரும் இடையூறு நேராதவரை அவ்வுரிமை காக்கப்பட வேண்டும்.

1986இல் வந்த ‘ஃபிரேசர் வழக்கு’ இன்னோர் எல்லையை வகுத்தது. பள்ளிக் கூட்டத்தில் ஆபாசக் குறிப்புகள் நிறைந்த உரையாற்றிய மாணவரைப் பள்ளி தண்டித்தது செல்லும் என்று அதே நீதிமன்றம் கூறியது. நாகரிகமான உரையாடலின் எல்லைகளைக் கற்பிப்பதும் பள்ளியின் கடமை என்பது அத்தீர்ப்பின் கருத்து.

இரு தீர்ப்புகளையும் இணைத்துப் பார்க்கும்போது ஒரு சமநிலை தெரிகிறது. மாணவரின் குரலைப் பள்ளி அஞ்சி அடக்கக் கூடாது. அக்குரல் பிறரைச் சிதைக்கும்போது வாளாவிருக்கவும் கூடாது. இந்நுட்பமான சமநிலையை அதிகாரி ஒருவர் தனித்து நின்று காப்பது கடினம். அதனால் சில மாநிலங்கள் அப்பொறுப்பை மாணவரிடமே ஒப்படைத்தன. மிச்சிகன் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் மாணவர் ஆலோசனைக் குழு, 2011–12ஆம் கல்வியாண்டில் ரசிகர் கூட்டங்களுக்கென்றே ஒரு போட்டியைத் தொடங்கியது. எந்தப் பள்ளியின் மாணவர் கூட்டம் மிகுந்த உற்சாகத்துடனும் நற்பண்புடனும் தன் அணியை ஊக்குவிக்கிறது என்பதே போட்டி. தடுக்கப்பட்டவை எவை என்ற வினா, சிறந்தது எது என்ற வினாவாக அங்கு மாறியது.

சேப்பாக்கம் எழுந்து நின்ற நாள்

விதியால் இழிசொல்லைத் தடுக்கலாம். மனமுவந்த பாராட்டை எந்த விதியாலும் வரவழைக்க இயலாது. அது பார்வையாளரின் உள்ளத்திலிருந்து மட்டுமே எழக்கூடியது. அதற்குச் சென்னை சேப்பாக்கத்தில் ஒரு சான்று உண்டு. அது பள்ளி ஆட்டமன்று. இரு நாடுகள் மோதிய ஆட்டம். உணர்ச்சி மிகுந்த அத்தகைய சூழலிலும் இயன்றது, பள்ளிக் களத்தில் இயலாமற்போகாது.

1999 ஜனவரி 28 அன்று இந்திய, பாகிஸ்தான் அணிகளுக்கிடையே டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டம் தொடங்கியது. இந்திய மண்ணில் அவ்விரு அணிகளும் டெஸ்ட் ஆடிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தொடரே நடைபெறக் கூடாது என்ற எதிர்ப்பும் நாட்டில் எழுந்திருந்தது. நான்காம் நாளான ஜனவரி 31 அன்று, 271 ஓட்டங்கள் என்ற இலக்கை நோக்கி ஆடிய இந்தியா, 82 ஓட்டங்களுக்குள் ஐந்து விக்கெட்டுகளை இழந்தது. சச்சின் டெண்டுல்கர் கடும் முதுகுவலியுடன் களத்தில் நின்று 136 ஓட்டங்கள் எடுத்தார். வெற்றிக்கு 17 ஓட்டங்களே தேவைப்பட்ட நிலையில் அவர் ஆட்டமிழந்தார். அடுத்த நான்கு ஓட்டங்களுக்குள் எஞ்சிய மூவரும் வீழ்ந்தனர். பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் வென்றது.

கைக்கெட்டியது வாய்க்கெட்டாத அவ்வேளையில் அரங்கு எழுந்து நின்றது, கைதட்டியது. வாசிம் அக்ரம் தலைமையிலான பாகிஸ்தான் அணியினர் மைதானத்தைச் சுற்றி வந்து அப்பாராட்டை ஏற்றுக்கொண்டனர். அக்கூட்டத்தினர் இந்திய வெற்றியை விரும்பாதவர்கள் அல்லர். அன்று காலை முதல் அதற்காகவே குரல் கொடுத்தவர்கள். தோல்வியின் வலியும் எதிரணியின் திறனை மதிக்கும் மனமும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதை அவர்கள் காட்டினர்.

அடுத்த மாதமே அதே அணிகள் கொல்கத்தாவில் மோதின. டெண்டுல்கர் எதிரணி வீரருடன் மோதி ரன் அவுட் ஆனதைக் கூட்டத்தால் ஏற்க இயலவில்லை; களத்தில் பொருள்கள் எறியப்பட்டன. இறுதி நாளில் காவலர்கள் பார்வையாளர்களை வெளியேற்றிய பின், ஏறத்தாழ வெறுமையான அரங்கில் பாகிஸ்தான் 46 ஓட்டங்களில் வென்றது. இதைக் கொண்டு ஒரு நகரம் நல்லது, மற்றொன்று தீயது என முடிவு செய்வது தவறு. கொல்கத்தா அரங்கு எதிரணி வீரர்களை வாழ்த்திய நாள்களும் பல. ஒரு கூட்டத்தின் பண்பு என்றென்றைக்கும் எழுதிவைக்கப்பட்டதன்று. ஒவ்வொரு ஆட்டத்திலும் அது புதிதாகத் தீர்மானிக்கப்படுகிறது.

தோற்றவனைப் போற்றிய குரல்

எதிர்த்தரப்பின் சிறப்பை ஒப்புக்கொள்ளும் பண்பு தமிழ் மரபுக்குப் புதிதன்று. வெண்ணிப் பறந்தலையில் நிகழ்ந்த போரில் கரிகால் வளவன் வென்றான். தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். வென்ற வேந்தனைப் பாடிய வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர், அவனது வெற்றியைப் புகழ்ந்த அதே பாடலில், வடக்கிருந்தவனே அவனினும் நல்லவன் அல்லவா என்று அவனிடமே கேட்டார். புறநானூற்றின் 66ஆம் பாடலில் அவ்வினா இன்றும் நிற்கிறது. வென்றோர் பக்கம் நின்றபடியே தோற்றவரின் பெருமையைக் கூறத் துணிந்த குரல் அது.

முதற்குரல்

கூட்டம் சிந்திப்பதில்லை, பின்பற்றுகிறது. ஓர் இழிமுழக்கத்தை முந்நூறு பேர் சேர்ந்து எழுப்பினாலும் அதைத் தொடங்குபவர் ஒருவரே. பாராட்டும் அவ்வாறே தொடங்குகிறது. யாரோ ஒருவர் முதலில் எழுகிறார், அருகிலிருப்போர் தொடர்கின்றனர், வரிசை எழுகிறது, அரங்கு எழுகிறது. விதிப்புத்தகம் எல்லைக் கோட்டை வரையலாம்; முதற்குரலை எழுப்ப அதனால் இயலாது. அதை எழுப்பும் வாய்ப்பு ஒவ்வொரு ஆட்டத்திலும் இருக்கையில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவரிடமே இருக்கிறது. பந்து குறி தவறி வீழும் நொடியில், எதிரணியினர் காயமுற்றுக் கிடக்கும் நொடியில், தம் அணி தோற்ற நொடியில் அவர் எதைத் தொடங்குகிறாரோ அதுவே அவருடைய பள்ளியின் குரலாக அரங்கில் ஒலிக்கும்.

சொல்லும் பொருளும்

பறந்தலை – போர்க்களம்
புறப்புண் – முதுகில் பட்ட காயம்
வடக்கிருத்தல் – வடக்கு நோக்கி அமர்ந்து, உண்ணாமல் உயிர்துறத்தல்
வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாதிருத்தல்

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் நடைபெறும் விளையாட்டு விழாவுக்கான பார்வையாளர் நெறிகள் ஐந்தினை வகுப்பில் கலந்துரையாடி எழுதுக. ஒவ்வொரு நெறிக்கும் காரணம் கூறுக.
2. எதிரணியை இழிவுபடுத்தாமல் தம் அணியை ஊக்குவிக்கும் முழக்கங்கள் மூன்றினைத் தமிழில் இயற்றுக.
3. ‘கேலி விளையாட்டின் ஒரு பகுதியே’ என்னும் தலைப்பில் ஒட்டியும் வெட்டியும் பேசுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

கூடைப்பந்தில் ஆதரவாளரின் இடையூறுக்காக நடுவர் தண்டனை விதிக்கத்தக்கது
அ) எதிரணி மீது
ஆ) அவ்வாதரவாளரின் அணி மீது
இ) இரு அணிகள் மீதும்
ஈ) எவ்வணி மீதும் இல்லை

குறுவினா

1. பார்வையாளரற்ற ஆட்டங்களை ஆராய்ந்தோர் கண்ட மாற்றங்கள் இரண்டினை எழுதுக.
2. ஆடுகளத்தை வகுப்பறையின் நீட்சி எனக் கூறுவது ஏன்?

சிறுவினா

1. நடுவர்களின் வெளியேற்றம் பள்ளி விளையாட்டை எவ்வாறு பாதித்தது?
2. டிங்கர், ஃபிரேசர் வழக்குகளின் தீர்ப்புகள் உணர்த்தும் சமநிலையை விளக்குக.

நெடுவினா

விஸ்கான்சின் விவாதத்தில் இரு தரப்பினரின் வாதங்களையும் தொகுத்து, ‘விதியால் இயல்வதும் பண்பால் இயல்வதும்’ என்னும் கருத்தைச் சேப்பாக்கம் நிகழ்வுடன் இணைத்து விளக்குக.